புள்ளி நகர்ந்த பிளக்

மொபெட்டின் முன்னால் குந்தியிருந்தேன். பங்குனி மாத வெயில் தகரக் கூரையைச் சுட்டு, என் முதுகையும் சுட்டுக்கொண்டிருந்தது. கையில் பிளக் ஸ்பேனர் இருந்தது. ஆனால் பிளக்கைக் கழற்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிளக்கின் மேல் நான் வைத்த வெள்ளைப் புள்ளியும், பக்கத்தில் என்ஜின் ஹெட்டில் நான் வைத்த வெள்ளைப் புள்ளியும் நேராக நிற்கவேண்டும். நிற்கவில்லை. ஒரு நகக்கண் அளவு தாண்டிப் போயிருந்தது.

வேறு யாரோ இந்த வண்டியில் கை வைத்திருக்கிறார்கள்.

வண்டி வசந்தாவுடையது. தபால் கொடுக்கிறவர். உத்திரமேரூரில் பையைக் கட்டிக்கொண்டு திருப்புலிவனம் பக்கத்து ஊர்களுக்குப் போவார். கடிதம் குறைந்துவிட்டது. ஆனால் முதியோர் பென்ஷனுக்காக வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் குறையவில்லை. பல வருடங்களாக அந்த மொபெட்டின் பிளக்கை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

“இன்னாண்ணா இவ்ளோ நேரம் பாக்கற? அதுல இன்னா எழுதியா கீது?” என்றார் வசந்தா.

யார் கழற்றியது என்று கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதான். என் வாயில் அந்த ஒரு வார்த்தை வராது. ஐந்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அங்கேயும் விடை தெரிந்தாலும் கையைத் தூக்கமாட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றினேன்.

முனை தேய்ந்து உருண்டிருந்தது. மாற்றவேண்டிய பிளக் அது. பெட்டியில் புதுசு இருந்தது.

நான் மாற்றவில்லை. கம்பி பிரஷ்ஷால் கரியைத் தேய்த்தேன், பெட்ரோலில் கழுவினேன், உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்துப் பழையதையே போட்டுவிட்டேன். எவன் கழற்றினானோ அவனே மாற்றட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

புள்ளி எதற்கு

வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பிளக்கைப் பார்த்திருக்கமாட்டார்கள். சுண்டுவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே. பாதி பீங்கான், பாதி இரும்பு. அதன் முனையில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு பொறி தாவவேண்டும். தாவினால் வண்டி ஓடும். தாவாவிட்டால் எவ்வளவு பெரிய வண்டியானாலும் தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான்.

கழற்றிய பிளக்கைப் பார்த்தால் வண்டியின் உடம்பு தெரியும். ஈரக் கறுப்பாக இருந்தால் ஆயில் அதிகம். சாம்பலாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடு ஏறுகிறது. பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்ல ஆரோக்கியம். வண்டிக்காரர் சொல்வதை நான் பாதிதான் கேட்பேன். மீதியைப் பிளக் சொல்லிவிடும். அதிகம் பேசாத எனக்கு இந்தத் தொழில் ஒத்துப்போனதற்கு அதுதான் காரணம்.

புள்ளி வைக்க ஆரம்பித்தது நல்ல எண்ணத்தில்தான். ஒருவர் புதுப் பிளக்கே போடவில்லை என்று சண்டைக்கு வந்தார். அன்றிலிருந்து பிளக்கை முடுக்கியதும் நம்பர் பிளேட் எழுதுகிற வெள்ளைப் பெயின்டில் ஒரு புள்ளி பிளக்கிலும், நேராக ஒரு புள்ளி ஹெட்டிலும் வைப்பேன். வேறு யாராவது கழற்றித் திரும்ப முடுக்கினால் அடியிலிருக்கும் வாஷர் இன்னும் கொஞ்சம் நசுங்கும். புள்ளி தாண்டிப் போய்விடும்.

எதிரில் இன்னொரு மெக்கானிக் கடை வந்த பிறகு அந்தப் புள்ளிக்கு வேறு வேலை வந்துவிட்டது. எந்த வண்டி வந்தாலும் முதலில் குனிந்து அதைத்தான் பார்ப்பேன். நகர்ந்திருந்தால் அன்று சோறு இறங்காது.

நைனாவின் அடுப்பு

இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் மாகறலில் போய் நிற்கிறது.

செய்யாற்றின் ஓரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் குத்தகை நிலம். நைனாவிடம் ஒரு மண்ணெண்ணெய் என்ஜின் இருந்தது. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மண்ணெண்ணெய்ப் புகையில் பிளக் தினமும் கரி பிடிக்கும். விடிந்ததும் நைனா அதைக் கழற்றிக்கொண்டு நேராக அடுப்பங்கரைக்கு வருவார். கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் தணலில் பிளக்கை வைப்பார். அம்மா முறைப்பார். பிளக் சுட்டதும் இடுக்கியில் பிடித்துக்கொண்டு வயலுக்கு ஓடுவார். சூடு ஆறுவதற்குள் மாட்டிக் கயிற்றை இழுத்தால் கிளம்பும்.

சில நாள் கிளம்பாது. அப்போதெல்லாம் பக்கத்து வயல்காரரின் என்ஜின் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். நைனா கயிற்றைக் கையில் பிடித்தபடி அந்தப் பக்கம் பார்த்து, “அவன் என்ஜினுக்கு மட்டும் இன்னா கேடு வருமோ, வரவே மாட்டேங்குது” என்பார்.

பக்கத்து என்ஜின் கெட்டால் எங்கள் வயலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் அதிகமாக வரப்போவதில்லை. அது நைனாவுக்கும் தெரியும். ஆனாலும் அது இரண்டு நாள் ஓடாமல் கிடந்தபோது அவர் இரண்டு தம்ளர் கஞ்சி கூடுதலாகக் குடித்தார். நிலம் எனக்கு வரவில்லை. இது வந்துவிட்டது.

எதிர்க்கடை

பாஸ்கர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். என் கடைக்கு நேர் எதிரில் கடை போட்டான். பளபளவென்று போர்டு, காற்றடிக்கும் கம்ப்ரஸர், உட்கார நாற்காலி. எல்லாவற்றையும்விட என்னை அரித்தது அவனுடைய பிளக் கழுவும் மெஷின். பிளக்கை ஓட்டையில் செருகினால் மணல் பீய்ச்சி அடித்துக் கரியை எடுத்துவிடும். பக்கத்து ஓட்டையில் செருகினால் கண்ணாடிக்குள் பொறி நீலமாகத் தெரியும். வண்டிக்காரர்கள் குனிந்து வேடிக்கை பார்ப்பார்கள். நான் உப்புத்தாளைத் தேய்ப்பதை யாரும் குனிந்து பார்த்ததில்லை.

அவன் பேசிக்கொண்டே வேலை செய்வான். வந்தவர்களின் மாமியார் உடம்பு முதல் மாட்டுக் கன்று வரை விசாரிப்பான். அதுவும் எனக்கு ஆகாது.

வசந்தாவின் வண்டியைப் பார்த்த மூன்றாம் நாள், தாங்க முடியாமல் சாலையைக் கடந்து போனேன். பெரிய தூரம் ஒன்றும் இல்லை, இருபதடிதான். அவன் கடை போட்டதிலிருந்து அன்றுதான் முதல்முறை கடந்தேன். ஒரு பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் கேட்டேன். என்னிடம் அது மூன்று இருந்தது.

அவன் எடுத்துக் கொடுத்தான். நான் திரும்பவில்லை. கீழே பார்த்தபடி, அந்தத் தபால்காரம்மா வண்டியில் என்ன கோளாறு பார்த்தாய் என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

“அந்த வண்டியா? நான் தொட்டதே இல்லண்ணா. அக்காதான பாத்துக்கினு இருக்காங்க.”

“எந்த அக்கா?”

“இன்னாண்ணா இது. உன் வூட்ல இருக்கறவங்கள என்னை வந்து கேக்கற.”

சாலையில் ஒரு காஞ்சிபுரம் பஸ் போனது. அது போய் முடியும்வரை அங்கேயே நின்றேன். திரும்பி வந்தபோது ஸ்பேனரைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

பிளேடும் கண்ணும்

அம்சாவும் நானும் கல்யாணம் ஆகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மத்தியானம் சாப்பாடு கொண்டுவருவாள். நான் சாப்பிடும்போது கடையைப் பார்த்துக்கொள்வாள். வாரத்தில் ஒரு நாள் நான் சாமான் வாங்கக் காஞ்சிபுரம் போவேன். அன்று கடையில் உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்துமட்டும் இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் கேட்டேன். அவள் ஒன்றும் மறைக்கவில்லை. நான் காஞ்சிபுரம் போயிருந்த ஒரு நாள் வசந்தாவின் வண்டி கடை வாசலிலேயே நின்றுவிட்டதாம். பென்ஷன் நாள். பார்த்துப் பார்த்துப் பழகியதுதானே என்று கழற்றித் துடைத்துப் போட்டாளாம். வண்டி கிளம்பிவிட்டதாம். பிறகு வேறு இரண்டு மூன்று வண்டிகளும் வந்தனவாம்.

ஏன் சொல்லவில்லை என்றேன்.

“நீ கேட்டியா? நீ எதைத்தான் கேட்டுக்கீற?”

புள்ளிக் கதையைச் சொன்னேன். அவள் சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“ஊரான் வண்டிக்கெல்லாம் பொட்டு வெச்சுக் காவல் காத்துக்கினு இருந்தியா மாமா?”

என் வாடிக்கை வண்டி ஒன்றும் எதிர்க்கடைக்குப் போகவில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். ஒரு இரவு அந்த நிம்மதி இருந்தது. அதற்குப் பிறகு அவள் தினமும் மத்தியானம் கடைக்கு வந்து வேலை பார்க்க ஆரம்பித்தாள். நானே வரச் சொன்னேன். வரவேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன் அவள் காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்கூடத்தில் கூலிக்கு இருந்தவள். அறுந்த பட்டு இழையை மின்னல் மாதிரி எடுத்து முடிந்த கை. பிளக்கின் இடைவெளியை நான் உடைந்த ஆக்ஸா பிளேடைச் செருகி அளப்பேன். முப்பது வருடப் பழக்கத்துக்குப் பிறகும் பிளேடு இல்லாமல் எனக்கு நம்பிக்கை வராது. அவள் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடுவாள். கம்பியை ஒரு தட்டுத் தட்டுவாள். அவ்வளவுதான்.

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் பிளேடைச் செருகிப் பார்ப்பேன். தளர்வாகவும் இருக்காது, இறுக்கமாகவும் இருக்காது. ஒருமுறையாவது தப்பாக இருக்கக்கூடாதா என்று இருக்கும்.

வண்டி ஓட்டுகிற பெண்கள் வந்தார்கள். “அக்கா இல்லியா?” என்று கேட்டார்கள். இருக்கிறேனே நான், ஐந்தரை அடி உயரத்துக்கு. என்னைத் தாண்டிப் பார்த்து அப்படிக் கேட்டார்கள். என்னிடம் ‘ஸ்டார்ட் ஆவல’ என்ற இரண்டே வார்த்தை சொல்கிறவர்கள், அவளிடம் எந்தத் திருப்பத்தில் அடைக்கிறது, மழையில் எப்படி இழுக்கிறது என்று முழுக் கதையும் சொன்னார்கள். களை வெட்டும் மெஷின் கொண்டுவந்த பெரியவர் ஒருவர், “உன் பொண்டாட்டி போட்ட பிளக் அப்படியே நிக்குதுப்பா. நீ போட்டா மாசத்துக்கு ஒரு வாட்டி வர்றேன்” என்றார். அவர் பாராட்டத்தான் சொன்னார்.

பாஸ்கர் மேல் இருந்த பொறாமையைச் சாலைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இந்தப் பொறாமை எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய் சோறு போட்டு வைத்திருந்தது.

கோணல்

சில வாரம் கழித்து வசந்தா வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். முகம் சிவந்து, புடவை முழுக்க வேர்வை. அன்றும் பென்ஷன் நாள். என்ஜின் தொட முடியாத சூட்டில் இருந்தது. நான் அன்று மாற்றாமல் விட்ட அதே தேய்ந்த பிளக்தான் காலை வாரியிருந்தது. அதை நான் சொல்லவில்லை.

அம்சா கழற்றிப் பார்த்தாள். “இது எப்பவோ மாத்தியிருக்கணும், மாமா. நீ பாக்கலியா?” என்றாள்.

நான் பெட்டியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவள் புதுப் பிளக்கை எடுத்தாள். புதுப் பிளக்கை முதலில் விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றவேண்டும். திருகு மரையில் நேராக உட்கார்ந்துவிட்டது என்று விரலுக்குத் தெரிந்த பிறகுதான் ஸ்பேனர். இதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். அம்சா எப்போதும் அப்படித்தான் செய்வாள். அன்று ஹெட் சுட்டது. விரல் வைக்க முடியவில்லை. வசந்தாவும் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேனருக்குள்ளேயே பிளக்கைச் செருகி நேராக வைத்துத் திருப்பிவிட்டாள்.

நேராக இல்லை. ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தது. அவள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து அது தெரியாது. நான் நின்றிருந்த பக்கத்திலிருந்து தெரிந்தது.

இரு, கோணையாகப் போகிறது. மூன்று வார்த்தை. நான் சொல்லவில்லை.

இறுகியது. சூட்டில் மரை பிடிக்கிறது என்று நினைத்தாள். இன்னும் பாதி வெளியே இருந்ததால் ஸ்பேனரை நெம்பித் திருப்பும் நீளமான கம்பியான டாமி ராடைப் போட்டு அழுத்தினாள். ஒரு சத்தம் வந்தது. பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஸ்பேனர் லேசாகச் சுற்றியது.

கழற்றியபோது பிளக்கோடு மரையும் வந்தது. வெள்ளை வெள்ளையாக, ஜரிகைத் துணுக்குகள் மாதிரி, அவள் உள்ளங்கையில் கிடந்தது. ஹெட்டில் வெறும் ஓட்டைதான் மிச்சம்.

அம்சா உள்ளங்கையை வசந்தாவிடம் நீட்டினாள். “என் கைதான் கெடுத்துடுச்சு” என்றாள்.

வசந்தா திட்டவில்லை. என் வண்டியைக் கொடுத்தேன். கியர் வண்டி தனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பஸ் நிற்கிற ஊருக்குப் பஸ், நிற்காத ஊருக்கு நடை. நாலு நாள் அப்படித்தான் போனார். ஒரு நாள் உச்சி வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சாலையோரம் அவர் நடந்து வருவதைப் பார்த்து நான் கடைக்குள் போய்விட்டேன்.

அந்த நாலு நாளும் அம்சா ஸ்பேனரைத் தொடவில்லை. பெண்கள் வந்தார்கள். “அவர்கிட்ட சொல்லுங்க” என்று என்னைக் காட்டினாள். நான் எவ்வளவோ நாளாக ஆசைப்பட்டது அது. நன்றாகவே இருந்தது என்றுதான் உண்மையைச் சொல்லவேண்டும். முதல் நாள் நன்றாக இருந்தது.

லேத்துக்காரர் சொன்னது

ஹெட்டைக் கழற்றிக் காஞ்சிபுரத்தில் லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோகவேண்டும். அங்கே ஓட்டையைப் பெரிதாக்கி, புஷ் என்கிற உலோக வளையத்தை அடித்து, அதில் புது மரை போடுவார்கள். நான் போகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. ஹெட்டைத் துணியில் சுற்றி, வயர்க்கூடையில் வைத்துக்கொண்டு அவளே பஸ் ஏறினாள். நாலாம் நாள் மறுபடி போய் வாங்கிவந்தாள். வந்ததும் அவளே மாட்டினாள். விரலால் நாலு சுற்று. பிறகு ஸ்பேனர். வண்டியைக் கிளப்பிப் பார்த்து அணைத்தாள்.

நான் சாப்பாட்டுக் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

லேத்துக்காரர் ஹெட்டை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கூட யாரும் இல்லையா என்று கேட்டாராம். பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தால் முதல் சுற்றிலேயே இந்தச் சாய்வு கண்ணில் பட்டிருக்கும் என்றாராம். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நீ அப்ப எங்க இருந்தே மாமா?”

“பக்கத்துலதான்.”

“கோணையா போனது தெரிஞ்சுதா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். இத்தனை வருடத்தில் நான் பொய் சொன்னதில்லை. பேசினால்தானே பொய்.

“தெரிஞ்சுது” என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்க்கடையில் பாஸ்கரும் வேலையை நிறுத்திவிட்டான். அவள் கத்தவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிக் கையைத் தேய்த்துக் கழுவினாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

“இனிமே நீ பக்கத்துல நின்னா எனக்குக் கை நடுங்கும்” என்றாள். “ஆனா வேலையை விடமாட்டேன். ரெண்டு மணிலேந்து அஞ்சு மணி வரைக்கும் கடை என்னுது. அந்த நேரத்துல நீ இங்க இருக்கக்கூடாது.”

சரி என்றேன். அன்றைக்கு என்னிடமிருந்து வந்த இரண்டாவது உருப்படியான வார்த்தை அது.

அந்த மூன்று மணி நேரம்

அதற்குப் பிறகு மத்தியானத்தில் நான் ஏரிக்கரைக்குப் போய்விடுகிறேன். ஒரு வேப்பமரம் இருக்கிறது. முதலில் சில நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா இருந்தால் மனது கடைக்கே ஓடியது. இப்போது யார் வந்திருப்பார்கள், என்னை யாராவது கேட்டிருப்பார்களா என்று. அதைத் தடுக்க ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். வாராவாரம் பத்திரிகையில் வரும் இந்தத் தொடரில் நீங்கள் இதுவரை படித்ததெல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில் எழுதியதுதான்.

அவளுக்குக் கூட்டம் வருகிறது. பாஸ்கர்கூட பொறி வராத பிளக்கைக் கொண்டுவந்து அவளிடம் காட்டுகிறான் என்று கேள்வி. வயிறு எரிவது நிற்கவில்லை. முன்பு ராத்திரியிலும் எரியும். இப்போது பெரும்பாலும் ரெண்டு மணி முதல் அஞ்சு மணி வரைதான்.

இந்த வாரம் எழுதியதை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினேன். என் கையெழுத்து அவளுக்குப் புரியாது. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். வசந்தா வெயிலில் நடந்த இடத்தில் கை நின்றது. மறுபடி பொறுக்கினாள். படித்து முடித்தேன்.

“ஒண்ணு வுட்டுட்டே” என்றாள்.

எதை என்றேன்.

“டாமி ராடு என் பக்கத்துல இல்ல. ஆணியில மாட்டியிருந்துச்சு. நான் கை நீட்டவும் இல்ல, கேக்கவும் இல்ல. எடுத்தாந்து என் கைல குடுத்தது நீ.”

முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

நோட்டைத் திரும்பப் பிரித்தேன். அவள் சொன்னது உண்மை. மேலே எழுதியதில் அந்த ஒரு வரியைத் திருத்தலாம் என்று பார்த்தேன். திருத்தவில்லை. நான் எப்படி எழுதினேனோ அப்படியே இருக்கட்டும். அவள் சொன்னதும் இருக்கட்டும்.